சர்க்கரை நோயுள்ள பூனைக்கு இன்னொரு நோயும் சேர்ந்தால்: அறிகுறி வாரியாக வீட்டில் என்ன பார்ப்பது

பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. சர்க்கரை ஏறியிருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்திருக்கலாம், தைராய்டு கூடியிருக்கலாம், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம். சர்க்கரை மட்டும் உள்ள பூனையில் ஒரு அறிகுறிக்கு ஒரு காரணம் தேடினால் போதும். இரண்டு நோய் உள்ள பூனையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் உண்டு. வீட்டில் நடக்கும் பெரிய தவறு, எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட்டு இன்சுலினைக் கூட்டுவதுதான்.

அதனால் இங்கே சொல்லும் வரிசை எப்போதும் ஒன்றே: முதலில் சர்க்கரை அளவு, அடுத்து கருவி, அடுத்து மற்ற நோய், கடைசியில்தான் இன்சுலின் அளவு. அதுவும் கால்நடை மருத்துவரிடம் பேசிய பிறகு.

சர்க்கரை எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் உள்ளன. உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால் 18 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எதையும் சோதித்துக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டியவை

வலிப்பு. ஈறில் குளுக்கோஸ் சிரப் தடவியும் எழாத மயக்கம். வாந்தியும் பட்டினியும் சேர்ந்து, சிறுநீர்ப் பட்டையில் (சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை) கீட்டோன் (கொழுப்பு எரியும்போது சேரும் பொருள்) நிறம் மாறுவது. ஆண் பூனை மண் தட்டில் முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டுகூட வராதது. பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு, பாதம் சில்லிட்டு, பூனை கதறுவது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. இவற்றில் எதுவும் காலை வரை காத்திருக்காது.

தள்ளாடுகிறது, நடுங்குகிறது, வெறித்துப் பார்க்கிறது

உடனே சர்க்கரை பாருங்கள். பூனைக்கென்று அளவு திருத்தப்பட்ட மீட்டரில் 70க்குக் கீழ், மனிதர்களுக்கான மீட்டரில் 60க்குக் கீழ் என்றால் தாழ்சர்க்கரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை, பூனையோ தள்ளாடுகிறது என்றால் அளக்காமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். சிறிது நேரம் சர்க்கரை ஏறியிருப்பதால் பூனைக்கு ஒன்றும் ஆகாது. தாழ்சர்க்கரை நீடித்தால் மூளை பாதிக்கப்படும்.

விழுங்கும் நிலையில் இருந்தால் வழக்கமான ஈர உணவை வையுங்கள், அதன்மேல் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் சிரப்போ ஊற்றுங்கள். சாப்பிட மறுத்தால் அரை முதல் ஒரு தேக்கரண்டி சிரப்பை ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் விரலால் தடவுங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு வந்திருந்தால் பல்லுக்கிடையே விரலை நுழைக்காமல் உதட்டைத் தூக்கி வெளி ஈறில் மட்டும் தடவி, வண்டியில் ஏறுங்கள்.

15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பத் தடவுங்கள். ஏறிவிட்டாலும் வேலை முடியவில்லை: சிரப் சீக்கிரம் கரைந்துவிடும், ஊசியில் போன இன்சுலின் பல மணி நேரம் வேலை செய்யும். அடுத்த சில மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். அடுத்த ஊசியை மருத்துவரிடம் கேட்காமல் போட வேண்டாம்.

நேற்றுவரை பொருந்திய இன்சுலின் அளவு இன்று ஏன் அதிகமானது என்று அடுத்து கேளுங்கள். மற்ற நோய் பெரும்பாலும் இங்கேதான் தலைகாட்டும். சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடலை விட்டு வெளியேறுவது மெதுவாகும், அதே யூனிட் கூடுதல் நேரம் வேலை செய்யும். தைராய்டுக்கு மெத்திமசோல் மருந்து தொடங்கியிருந்தால், தைராய்டு இறங்கும்போது இன்சுலின் தேவையும் இறங்கலாம். ஸ்டீராய்டைக் குறைத்தாலும், கெட்டுப்போன பல்லைப் பிடுங்கினாலும் அப்படியே. மற்ற நோய்க்குச் சிகிச்சை பலிக்கத் தொடங்கும் வாரங்கள்தான் தாழ்சர்க்கரைக்கு ஆபத்தான வாரங்கள். அந்த வாரங்களில் ஊசிக்கு முன்னால் ஒருமுறை, ஊசி போட்டு ஐந்தாறு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று தினமும் அளவு பாருங்கள். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு.

சாப்பிடவில்லை, ஊசி நேரமோ வந்துவிட்டது

வீட்டில் வளர்ப்பவர்கள் அதிகம் திணறும் இடம் இது. போட்டால் தாழ்சர்க்கரை, போடாவிட்டால் கீட்டோன் என்று இரண்டு பக்கமும் பயம். இரண்டுமே நியாயமான பயம்தான். உடம்பு சரியில்லாத பூனைக்கு, சாப்பிடாவிட்டாலும், கொஞ்சமாவது இன்சுலின் தேவை. அது இல்லாமல் கொழுப்பை எரித்துக் கீட்டோனைக் குவித்துக்கொள்ளும். அதனால் ‘சாப்பிடவில்லை, ஊசி வேண்டாம்’ என்று இரண்டு மூன்று வேளை தொடர்ந்து விடுவதுதான் கீட்டோ அசிடோசிஸுக்கு (கீட்டோன் குவிந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) வழக்கமான பாதை.

பரவலாகச் சொல்லப்படும் சட்டகம் இப்படி. ஊசிக்கு முந்தைய அளவு 150க்குக் கீழ் இருந்து பூனை சாப்பிடவும் இல்லையென்றால் இந்த வேளை ஊசி வேண்டாம், மருத்துவரை அழையுங்கள். 250க்கு மேல் இருந்து சாப்பிடவில்லையென்றால் பாதி அளவு போட்டு, அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நடுவில் இருந்தால் போடும் முன் கேளுங்கள். இது பொதுவான சட்டகம் மட்டுமே. உங்கள் பூனைக்கான எண்களை, அது நன்றாக இருக்கும் ஒரு நாளிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்கிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். இரவு பதினொரு மணிக்கு யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

அடுத்து கீட்டோன். சிறுநீர்ப் பட்டையை நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடிக் கணக்கில் (பெரும்பாலும் 15 நொடி) நிறத்தைப் பாருங்கள். தாமதித்துப் பார்த்தால் நிறம் பொய் சொல்லும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பட்டை அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோனை மட்டுமே காட்டும், உடலில் அதிகம் சேரும் பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கீட்டோனைக் காட்டாது. ஆகவே லேசான நிறத்தை ‘கொஞ்சம்தானே’ என்று தள்ளாதீர்கள். ரத்தக் கீட்டோன் மீட்டர் இருந்தால் அது மேல். லேசான நிறம், ஆனால் பூனை சாப்பிட்டுச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் அன்றே தொலைபேசியில் பேசுங்கள். நிறமும் பட்டினியும் சேர்ந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏன் சாப்பிடவில்லை என்பது மற்ற நோயைப் பொறுத்தது. கணைய அழற்சியுள்ள பூனை வாந்தி எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் முதுகைக் குறுக்கி ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளும், தூக்கினால் முனகும். அதற்குத் தேவை வலி மருந்தும் குமட்டல் மருந்தும். புது ருசியில் உணவு தேடுவது அதற்கு அடுத்தது. சிறுநீரக நோயில் குமட்டல் வேறு விதம்: கிண்ணத்துக்கு வரும், முகரும், உதட்டை நக்கிக்கொள்ளும், திரும்பிப் போய்விடும். பல்வலியில் வாயில் எடுத்து கீழே போடும்.

பசி மருந்துகளில் கவனம் வேண்டும். மிர்ட்டசபின் என்ற பசி மருந்து பூனைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்த பூனையில் அது மெதுவாகத்தான் வெளியேறும், அதனால் பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். விடாமல் கத்துவது, நிலைகொள்ளாமல் உலாத்துவது, நடுங்குவது எல்லாம் மருந்து மிஞ்சியதன் அடையாளம். காப்ரோமொரெலின் என்ற இன்னொரு பசி மருந்து வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிச் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது. வேறொரு பூனைக்கு எழுதிய பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். இந்த நிலையில் ‘இதுதான் நல்ல உணவு’ என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை. எதைச் சாப்பிடுமோ அதைக் கொடுங்கள், உணவு முறையைப் பிறகு சரிசெய்யலாம்.

சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது

இன்சுலின் அளவைக் கூட்டும் முன் கருவியைச் சோதியுங்கள். நிறையப் பூனைகளின் ‘இன்சுலின் எதிர்ப்பு’ சிரிஞ்சில் இருக்கிறது.

இன்சுலின் பாட்டிலில் யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்று இருக்கிறதா, யூ-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்) என்று இருக்கிறதா? சிரிஞ்சில் என்ன போட்டிருக்கிறது? யூ-40 இன்சுலினை யூ-100 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது 0.4 யூனிட்தான், சர்க்கரை இறங்காமல் நிற்கும். மாற்றி, யூ-100 இன்சுலினை யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் 2.5 யூனிட் போகும். இது பூனையைக் கொன்றுவிடக்கூடிய தவறு. புது மருந்தோ புது சிரிஞ்சுப் பெட்டியோ வரும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்.

பாட்டில் உறைந்துபோனதா, வெயிலில் கிடந்ததா? தெளிவாக இருக்க வேண்டிய கிளார்ஜின் இன்சுலின் கலங்கியிருக்கிறதா? புரோட்டமைன் துத்தநாக இன்சுலின் வெள்ளையாக இருக்கும், அதை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும். ஊசி தோலைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்து ரோமத்தில் கொட்டியதா? தொட்டால் ஈரமாக இருக்கும், மருந்துக்கடை வாசனை அடிக்கும். பாதி போனதா முழுதும் போனதா என்று தெரியாவிட்டால் மறுபடி போடாதீர்கள். ஒரு வேளை ஏறியிருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், இரட்டை ஊசியைத் தாங்க முடியாது.

மீட்டரும் ஏமாற்றும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். நாள்பட்ட சிறுநீரக நோயில் ரத்தசோகை வந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டத் தொடங்கும். இதுவரை நம்பகமாக இருந்த மீட்டரில் எண் மெல்ல மெல்ல ஏறி, ஈறும் வெளுத்திருந்தால், அடுத்த பரிசோதனையில் ஆய்வக அளவோடு ஒருமுறை ஒப்பிடச் சொல்லுங்கள். இன்சுலினைக் கூட்டுவது அதற்குப் பிறகு.

காது ஓரத்தில் துளி வராவிட்டால் வெதுவெதுப்பான ஈரத்துணியை ஒரு நிமிடம் வைத்துவிட்டு, வாசலினை மெலிதாகத் தடவிக் குத்துங்கள். ரத்தம் ரோமத்தில் பரவாமல் மணியாக நிற்கும்.

கருவி எல்லாம் சரி என்றால் இப்போது மற்ற நோய். வாய் நாற்றமும் சிவந்த ஈறும் இருந்தால் பல். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்று. சர்க்கரைப் பூனைகளில் இது அறிகுறியே இல்லாமலும் இருக்கும், அதனால் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புவது வீண் செலவல்ல. ஆஸ்துமாவுக்கோ குடல் அழற்சிக்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு போனால் காரணம் கண்முன்னே இருக்கிறது. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்துமாவாக இருந்தால், குழாய் முகமூடி வழியே உள்ளிழுக்கும் ஃப்ளூட்டிகாசோன் என்ற ஸ்டீராய்டுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள், அது சர்க்கரையை அவ்வளவாகத் தொடாது. முழு வேலை காட்ட ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் ஒரே நாளில் மாற்ற முடியாது.

ஒவ்வொரு ஊசிக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 யூனிட்டைத் தாண்டியும் சர்க்கரை அடங்கவில்லை, பூனை இளைக்காமல் எடை கூடுகிறது, முகம் அகன்று, தாடை முன்தள்ளி, குறட்டை விடுகிறது என்றால் அக்ரோமெகலியைச் சந்தேகியுங்கள். பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பதுதான் அது. 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 1,221 சர்க்கரைப் பூனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது இருக்கக்கூடும் என்று கணக்கு வந்தது. ஐ.ஜி.எஃப்.-1 என்ற ரத்தப் பரிசோதனையில் பிடிபடும். இன்சுலின் தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகு எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். பல பூனைகளில் முகம் மாறியே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் இன்சுலின் அளவு மாற்றம். 12 மணி நேரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவெடுத்து, தாழ்ந்த புள்ளி 80க்கும் 150க்கும் இடையில் வருகிறதா என்று பார்ப்பார்கள். மாற்றம் ஒரு தடவைக்கு 0.25 முதல் 0.5 யூனிட், அதன் பலன் தெரிய ஐந்து முதல் ஏழு நாள். மருத்துவமனையில் பயந்துபோன பூனையின் சர்க்கரை தானாகவே ஏறும், ஆகவே அங்கே எடுத்த ஒற்றை எண்ணை வைத்து அளவைக் கூட்ட வேண்டாம்.

தண்ணீரும் சிறுநீரும் குறையவில்லை

வைத்த தண்ணீரை அளந்து, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கழியுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் என்றால் அதிகம். ஈர உணவு மட்டும் சாப்பிடும் பூனைக்கு அதற்கு வெகு கீழேயே அதிகம்தான். கட்டியாகும் மண் என்றால் கட்டிகளை எடை போட்டுக் குறித்து வைப்பது இன்னும் எளிது.

சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பட்டையில் பாருங்கள். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 250 முதல் 290ஐத் தாண்டினால்தான் பூனையின் சிறுநீரில் சர்க்கரை கசியும். பட்டையில் நன்றாக நிறம் காட்டினால் சர்க்கரை அடங்கவில்லை. பட்டை சுத்தமாக இருந்தும் தட்டு நனைந்தே கிடந்தால் சிறுநீரகத்தையோ தைராய்டையோ பாருங்கள், இன்சுலின் அளவைத் தொடாதீர்கள். சிறுநீரகப் பூனை தண்ணீர் குடிப்பதை ஒருபோதும் குறைக்கக் கூடாது.

நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது

மீட்டர் எண்கள் சுமாராக இருந்தும் எடை இறங்கினால் டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஃப்ரக்டோசமைன் (சில வாரச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நன்றாக வந்ததே என்று திருப்தி அடைய வேண்டாம்: தைராய்டு கூடிய பூனையில் புரதம் வேகமாக அழிவதால் அந்த எண் பொய்யாகக் குறைந்து வரும். சிகிச்சை தொடங்கியதும் இரண்டு மாற்றம் வரும். இன்சுலின் தேவை குறையலாம். அதுவரை தைராய்டின் வேகத்தில் மறைந்திருந்த சிறுநீரக நோயும் வெளியே தெரியலாம்.

பின்னங்கால் தளர்ந்து, குதிகால் தரையில் படுகிறது

வாரக் கணக்கில் மெதுவாக வந்தது, வலியில்லை என்றால் நீண்ட நாள் ஏறியிருந்த சர்க்கரை நரம்பைத் தொட்டிருக்கிறது. சர்க்கரை அடங்கினால் வாரங்கள், மாதங்களில் திரும்ப வரும். மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினைப் பலரும் கொடுக்கிறார்கள். தீங்கு இல்லை, ஆனால் வலுவான சான்றும் இல்லை.

கழுத்தைத் தூக்க முடியாமல் தாடை மார்பை நோக்கித் தொங்கினால் கதை வேறு: பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. தளர்ந்த சிறுநீரகம் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விடுகிறது, இன்சுலின் மிச்சத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறது; இரண்டும் சேர்ந்த பூனையில் இது எளிதாக வரும். அன்றே ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். திடீர் வலியோடு கால் சில்லிட்டால் ரத்தக்கட்டி, மேலே சொன்ன அவசரப் பட்டியலில் உள்ளது.

தோலுக்கடியில் சலைன் ஏற்றும்போது வரும் சிக்கல்கள்

சிறுநீரகப் பூனைக்கு ஒரு தடவைக்கு 75 முதல் 150 மில்லி ரிங்கர் லாக்டேட் சலைன் என்பது வழக்கமான வரம்பு. டெக்ஸ்ட்ரோஸ் (ஒரு சர்க்கரை) கலந்த பையை எடுத்துவிடாதீர்கள், லேபிளை இரண்டு முறை படியுங்கள்.

மெதுவாக இறங்கினால் பையை ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏற்றுங்கள், ஊசியைக் கால் சுற்று திருப்புங்கள், நுனி தோலில் முட்டிக்கொண்டிருக்கலாம். பூனை உதறினால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஏற்றிய பின் தோள் மேல் ஒரு பொதி நிற்பதும், அது முன்னங்காலுக்கு வழிவதும் சகஜம், அரை நாளில் கரையும். அடுத்த சலைன் நேரத்துக்கும் கரையாமல் தொங்கினால் மேலே ஏற்றாமல் கேளுங்கள். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினாலும் அப்படியே. இதயத்தால் அந்த நீரைச் சமாளிக்க முடியாமல் இருக்கலாம்.

பலர் தவறவிடுவது இன்சுலின் ஊசி போடும் இடத்தை. சலைன் பொதிக்குள் இன்சுலின் போனால் நீர்த்துப்போய், எப்போது எவ்வளவு உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. சலைன் தோள்பட்டைகளுக்கிடையில் என்றால் இன்சுலின் விலாவின் பக்கவாட்டிலோ வயிற்றின் ஓரத்திலோ. காரணமில்லாமல் சர்க்கரை ஊசலாடும் சிறுநீரகப் பூனையில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

சிறுநீரக உணவா, சர்க்கரை உணவா

ஒன்று புரதத்தையும் பாஸ்பரஸையும் குறைக்கும், மற்றது மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டும். சிறுநீரக நோய் முற்றியிருந்தால் பெரும்பாலும் சிறுநீரக உணவுக்கே முதலிடம். ஏறும் சர்க்கரையை இன்சுலினால் பிடிக்கலாம், பாஸ்பரஸை அப்படிப் பிடிக்க முடியாது. எதுவானாலும் ஈர வகையை எடுங்கள், உலர் தீனியில் மாவுச்சத்து கூடுதல். உணவை மாற்றும் வாரத்தில் சர்க்கரையைத் தினமும் பாருங்கள். மாவுச்சத்து குறைந்த உணவுக்குத் தாவினால் பழைய இன்சுலின் அளவு ஒரே நாளில் அதிகப்படியாகிவிடும்.

மலம் போகவில்லை

நீர் வற்றிய சிறுநீரகப் பூனைக்கு இது கூடவே வரும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி ஒரு சர்க்கரை வகை என்பதால் சர்க்கரைப் பூனைக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் 3350 என்ற மலமிளக்கிப் பொடியைத்தான் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டில் ஒரு பங்கு முதல் கால் தேக்கரண்டி வரை, நாளுக்கு இரண்டு வேளை, ஈர உணவில். கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்கு ஒருபோதும் ஏற்றாதீர்கள், சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

இன்சுலின் ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்து எடுக்கும் பூனை

பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரை, வெலாகிளிஃப்ளோசின் திரவம் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளிவிடும். ஆகவே இந்தப் பூனையின் பட்டையில் சர்க்கரை எப்போதும் நிறம் காட்டும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏற்கெனவே இன்சுலின் எடுத்த பூனைக்கும், கணைய அழற்சியுள்ள பூனைக்கும் இவை உகந்தவை அல்ல. மோசமான விஷயம், ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே கீட்டோ அசிடோசிஸ் வரலாம், குறிப்பாக முதல் இரண்டு வாரங்களில். எனவே இந்த மருந்தில் இருக்கும் பூனை சோர்ந்து, சாப்பிடாமல், வாந்தி எடுத்தால் மீட்டர் 110 காட்டினாலும் நம்பாதீர்கள். கீட்டோன் பாருங்கள், அடுத்த வேளை மருந்தை நிறுத்தி வையுங்கள், மருந்துப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே சர்க்கரை இயல்பாக இருக்கிறதே என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், மருந்தின் பெயரைச் சொல்லி ரத்தக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.